சப்போட்டாவுக்குக் கால் கொடுத்த பாலை

சில மாதங்களுக்கு முன்பு விவசாயி ஒருவர், பழைய செய்தித்தாளில் சுற்றிய சிறு கிளை ஒன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். "ஒட்டுக் கன்று என்று சொல்லித்தான் ஐயா கொடுத்தார்கள். பன்னிரண்டு வருஷமாகத் தண்ணீர் விட்டு வளர்த்தேன். காய்த்திருக்கிற லட்சணத்தைப் பாருங்கள்" என்றார். கிளையில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஐந்தாறு மஞ்சள் பழங்கள் இருந்தன. அவர் நட்ட இருபது சப்போட்டாக் கன்றுகளில் மூன்று இப்படி ஆகிவிட்டன. நாற்றுப்பண்ணைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பது அவர் முடிவு.

ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டேன். தேன் போல இருந்தது. உதட்டில் கொஞ்சம் பிசின் ஒட்டியது. அது பாலைப்பழம்.

நாற்றுப்பண்ணைக்காரர் ஏமாற்றவில்லை. சப்போட்டா ஒட்டுக் கன்று என்பது இரண்டு மரங்கள் சேர்ந்தது. மேலே இருப்பது சப்போட்டா; மண்ணுக்குள் வேராக இருப்பது பெரும்பாலும் பாலை. ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே துளிர்த்த பாலைக் கிளையை வெட்டாமல் விட்டதால் அது மேலோங்கி, மேலிருந்த சப்போட்டாவை நசுக்கிவிட்டது. விவசாயி பன்னிரண்டு ஆண்டுகளாக வளர்த்தது வேர்ச்செடியைத்தான். "இப்படி ஒரு மரம் நம் ஊரில் இருக்கிறதா?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

பாலை, இலுப்பை, மகிழம், சப்போட்டா ஆகிய நான்கும் தாவர நூலார் கணக்கில் ஒரே குடும்பம். முதல் மூன்றும் நம் நாட்டு மரங்கள். சப்போட்டா மட்டும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்த விருந்தாளி. மகாராஷ்டிரத்தில் முதன்முதலாக 1898-ல் கோல்வாட் என்ற ஊரில் பயிரிட்டதாகச் சொல்வார்கள். வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டது. வீட்டுக்காரர்களை நாம் மறந்துகொண்டிருக்கிறோம்.

இவை உறவு என்பதற்குப் புத்தகம் வேண்டியதில்லை. எந்த மரத்தின் இலைக் காம்பைக் கிள்ளினாலும், காயைக் கீறினாலும் பால் வரும். சப்போட்டாவின் தாயகத்தில் அதன் பாலைக் காய்ச்சித்தான் முன்பெல்லாம் சூயிங்கம் செய்தார்கள். அடுத்து விதையைப் பாருங்கள். நான்கிலும் விதை எண்ணெய் தடவியது போலப் பளபளப்பாக இருக்கும். அந்தப் பளபளப்பில் ஓரிடத்தில் மட்டும் சொரசொரப்பான வெளிர் தழும்பு தெரியும். விதை பழத்தோடு ஒட்டியிருந்த இடம் அது. பாலை, இலுப்பை, சப்போட்டா விதைகளில் இந்தத் தழும்பு நீளமாக ஓடும். மகிழ விதையில் மட்டும் அடியில் சிறு வட்டமாக இருக்கும்.

இலையில்தான் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பாலை இலை தடித்து, கரும்பச்சையாக, நுனி அகன்று இருக்கும். நுனியின் நடுவே நகத்தால் கிள்ளியது போல ஒரு சிறு பள்ளம் காணப்படும். சப்போட்டா இலையின் நுனி குறுகி முடியும்; பள்ளம் இராது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். என்னிடம் வந்தவருக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது. இலுப்பை இலை நீண்டு, கிளை நுனியில் கொத்தாக இருக்கும். கொழுந்து செம்பு நிறத்தில் வரும். மகிழ இலையின் ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கும்.

பெயரில் உள்ள குழப்பம்

பாலை என்ற பெயரைக் கேட்டதும் ஆளுக்கொரு மரத்தைக் காட்டுவார்கள். பால் வடியும் மரத்துக்கெல்லாம் நம் முன்னோர் பாலை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வெட்பாலை வேறு, அதன் இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் காய்ச்சித் தோல் நோய்க்குத் தடவுவார்கள். குடசப்பாலை வேறு, அதன் பட்டை சீதபேதிக்கு மருந்து. ஏழிலைப்பாலை வேறு. இந்த மூன்றும் அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றில் தின்னும் பழம் கிடையாது. நாம் பேசுவது உலக்கைப்பாலை. சில ஊர்களில் பாலா மரம், பழப்பாலை என்றும் சொல்வர். கன்று கேட்டு வாங்கும்போது "பழம் தின்கிற பாலை" என்று கேட்டு வாங்குவதே நல்லது. வடநாட்டில் இதைக் கிர்ணி என்பார்கள். பால் என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்த பெயர்தான் அதுவும்.

பாலை

கடற்கரையை ஒட்டிய வறண்ட காடுகள்தான் இதன் வீடு. கோடியக்கரைக் காட்டில் இது முக்கியமான மரம். புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துக் கோயில் காடுகளிலும் காணலாம். இலங்கையில் வன்னிக் காடுகளில் மிகுதி. அங்கே தமிழர் பாலை என்பதைச் சிங்களவர் பலு என்பார்கள்; பழம் பழுக்கும் பருவத்தில் கரடிகள் மரத்திலேயே குடியிருக்குமாம். 2018 நவம்பரில் வந்த கஜா புயலில் கோடியக்கரைக் காட்டில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன.

மரம் நாற்பது ஐம்பது அடி வரை வளரும், ஆனால் அவசரப்படாது. அப்பன் நட்டால் பிள்ளை தின்னலாம் என்ற கணக்கு. ஆண்டு முழுதும் பச்சையாக இருக்கும். காற்று, உப்பு, வறட்சி, ஏழை மண் எல்லாவற்றையும் தாங்கும். கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கும், அத்தனை கனம். உலக்கை, செக்கு உறுப்பு, கலப்பை, தூண் எல்லாம் இதில் செய்தார்கள். உலக்கைப்பாலை என்ற பெயர் வந்ததே அதனால்தான். இந்தப் பெருமையே மரத்துக்கு எமனாகவும் ஆயிற்று. உலக்கைக்கும் விறகுக்கும் வெட்டினார்களே தவிர, யாரும் நடவில்லை. தானாக முளைத்த கன்றை ஆடு கடித்தது.

பழம் கோடையில் வரும். வேதாரண்யம் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் கண்ணில் ஓர் ஒளி வரும். ஆலிவ் காய் வடிவில், அதைவிடச் சிறியதாக, பழுத்தால் மஞ்சளாக இருக்கும். உள்ளே பெரும்பாலும் ஒரே விதை. பறித்தவுடன் தின்றால் பால் உதட்டில் ஒட்டும். ஒருநாள் வைத்திருந்து, கழுவித் தின்றால் அந்தத் தொல்லை குறையும். குஜராத்தில் இதை ராயண் என்று கூறு கட்டி விற்கிறார்கள். மிச்சத்தைக் காயவைத்து, உலர்பழமாக்கி ஆண்டு முழுதும் வைத்துக்கொள்கிறார்கள். காய்ந்தால் திராட்சை போலச் சுருங்கிவிடும். நம் பக்கத்தில் உலர்த்தும் வழக்கம் பரவாதது நமக்குத்தான் நட்டம். இரண்டு நாளில் கெட்டுப்போகும் பழத்தை மொத்தமாகப் பறித்து அடிமாட்டு விலைக்குத் தள்ளுவதைவிட, சித்திரை வெயிலில் பாயில் பரப்பினால் காசுதான்.

குஜராத்தில் வேஜல்பூரில் உள்ள மத்திய அரசின் வறண்ட நிலத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இந்த மரத்தில் 'தார் ரிதுராஜ்' என்று ஒரு தேர்வு ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. காட்டுப் பழம் என்று நாம் ஒதுக்கியதை அவர்கள் ஒட்டுக் கட்டித் தோட்டப் பயிராக்குகிறார்கள். ஒட்டுக் கன்றாக வைத்தால் விதைக் கன்றைவிட முன்னதாகவே காய்ப்புக்கு வரும்.

எதில் சத்து அதிகம்?

100 கிராம் சப்போட்டாவில் மாவும் சர்க்கரையுமாக ஏறக்குறைய 20 கிராம் இருக்கிறது. பாலைப்பழத்தில் நீர் குறைவு. அதே 100 கிராமில் ஏறக்குறைய 27 கிராம் கிடைக்கிறது. உழைத்துக் களைத்தவனுக்குப் பாலைப்பழம் ஒரு பிடி தின்றால் தெம்பு வருவது இதனால்தான். சுண்ணாம்புச் சத்தில்தான் வேறுபாடு பெரிது. சப்போட்டாவில் 30 மில்லிகிராமுக்குள் இருக்க, பாலையில் 80 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. மஞ்சள் நிறத்துக்குக் காரணமான, கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் 'ஏ' சத்தும் பாலையில் உண்டு. வைட்டமின் 'சி' 15 மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது. இதற்காகப் பாலையைத் தேட வேண்டாம். ஒரு நெல்லிக்காய் போதும்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாலைப்பழம் சிறியது, விதையும் தோலும் போகத் தேறும் சதை கொஞ்சம். ஒரு சப்போட்டாவில் தின்பதைத் தின்ன இருபது பாலைப்பழம் வேண்டும். அதனால் சந்தையில் சப்போட்டாவை இது வெல்லாது. இரண்டும் இனிப்பு மிகுந்தவை என்பதால், சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டிலும் கை அடக்கம் காட்ட வேண்டும். நாட்டுப் பழம் என்பதற்காக அதில் சர்க்கரை இல்லாமல் போய்விடாது.

ஏன் பாலையின் மேல் ஒட்டுகிறார்கள்?

சப்போட்டாவை விதை போட்டும் வளர்க்கலாம். ஆனால் தாய் மரத்தின் குணம் அப்படியே வராது. காய்க்கவும் நாள் ஆகும். விண்பதியம் போட்டால் வேர் பிடிப்பது மெதுவாக இருக்கும், ஆணிவேரும் இராது, பெருங்காற்று அடித்தால் சாயும். சப்போட்டா விதைக் கன்றின் மேலேயே ஒட்டலாம். மரம் அத்தனை வீரியமாக வருவதில்லை. இலுப்பைக் கன்றின் மேலும் ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒட்டு பிடிக்கிறது, ஆனால் வளர்ச்சியும் காய்ப்பும் பாலையின் மேல் ஒட்டியது போல இல்லை. நீண்டகால அனுபவத்திலும் ஆராய்ச்சியிலும் தேறியது பாலைதான். ஆழமாக இறங்கும் வேர், மெதுவாகப் பருத்தாலும் உறுதியான தண்டு, வறட்சியும் உப்பும் தாங்கும் குணம் ஆகியவை அதன் வேரோடு வருகின்றன. நம் மாநில வேளாண் பல்கலைக்கழகமும் பாலையின் மேல் கட்டிய ஒட்டுக் கன்றுகளையே நடச் சொல்கிறது.

சிக்கல் எங்கே என்றால், பாலைக் கன்று ஒட்டுக் கட்டும் பருமனுக்கு, அதாவது எழுதுகோல் தடிமனுக்கு வர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர் இரண்டு ஆண்டுகள் தண்ணீர் விட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் விதை கிடைக்க வேண்டும். விதை தரும் மரங்கள் காட்டில்தான் இருக்கின்றன. கோடியக்கரை போன்ற சரணாலயக் காடுகளில் இஷ்டப்படி பொறுக்க முடியாது. ஊர்ப் பொது நிலங்களில் இருந்த மரங்கள் போய்விட்டன. ஆகவே சிலர் கிடைத்த கன்றின் மேல் ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்குகிறவருக்கு வேறுபாடு தெரிய ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். சப்போட்டா மரம் ஒன்று முப்பது நாற்பது ஆண்டுகள் சோறு போட வேண்டியது. அதன் காலைப் பார்க்காமல் வாங்குவது சரியல்ல.

கன்று வாங்கும்போது "எதன் மேல் ஒட்டியது?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒட்டுக்குக் கீழே ஒரு சிறு துளிராவது இருந்தால், அதன் இலை நுனியில் பள்ளம் உண்டா என்று பாருங்கள். ஒட்டுக் கட்டிய இடம் நன்றாகக் கூடியிருக்க வேண்டும். கட்டிய பிளாஸ்டிக் நாடா தண்டை இறுக்கிப் பள்ளம் விழுந்திருந்தால் அந்தக் கன்று வேண்டாம். நடும்போது ஒட்டு, தரை மட்டத்துக்கு மேல் அரை அடியாவது உயரத்தில் நிற்க வேண்டும். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஆழமாக நட்டால் பலமாக நிற்கும் என்று எண்ணி ஒட்டை மண்ணுக்குள் புதைத்துவிடுகிறார்கள். பிறகு கீழே துளிர்ப்பது எது, மேலே துளிர்ப்பது எது என்றே தெரிவதில்லை. கன்றுக்குப் பக்கத்தில் கம்பு நட்டுக் கட்டிவிட வேண்டும். முதல் மூன்று நான்கு ஆண்டுகள் மாதம் ஒருமுறை தோட்டத்தைச் சுற்றிவந்து, ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கையாலேயே கிள்ளி எறிய வேண்டும். பிஞ்சில் கிள்ளினால் நகம் போதும். விட்டுவிட்டால் அரிவாள் தேவைப்படும்.

என்னிடம் வந்தவரின் மூன்று மரங்களையும் போய்ப் பார்த்தேன். ஒன்றில் சப்போட்டாக் கிளை மெலிந்து, ஓரமாக உயிரோடு இருந்தது. பாலைக் கிளைகளை அடியோடு அறுக்கச் சொன்னேன். வெளிச்சம் கிடைத்ததும் சப்போட்டா நிமிர்ந்துகொள்ளும். மற்ற இரண்டில் சப்போட்டா பட்டுப்போயிருந்தது. அவற்றைத் தூரோடு பிடுங்குவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். பன்னிரண்டு ஆண்டு வேர் அது. காசு கொடுத்தாலும் கிடைக்காது. மரத்தைத் தாழ வெட்டி, வரும் இளங்கிளைகளில் நேரான ஒன்றிரண்டை மட்டும் விட்டு, அவற்றின் மேல் நல்ல சப்போட்டா மரத்துக் குச்சியை மென்தண்டு ஒட்டாகக் கட்டலாம். ஒரு மரத்தில் அப்படிச் செய்ய ஒப்புக்கொண்டார். இன்னொன்றைப் பாலையாகவே விட்டுவிடுவதாகச் சொன்னார். பேரப்பிள்ளைகள் பழத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம்.

இலுப்பை

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று இளக்காரமாகச் சொல்வார்கள். பழமொழி இளக்காரமானாலும் விஷயம் உண்மை. காய்ந்த இலுப்பைப் பூவில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். மாசி, பங்குனியில் இலை உதிர்ந்த மரத்தில் பூ வரும். இரவில் மலர்ந்து விடியலுக்குள் சதைப்பற்றுள்ள பூக்கள் தரையில் சொரிந்து கிடக்கும். மரத்தடியைப் பெருக்கி வைத்திருந்து, பொறுக்கிக் காயவைத்து, வறுத்துத் தின்பது நம் கிராமங்களில் இருந்த வழக்கம். மத்திய இந்தியாவின் பழங்குடி மக்களுக்கு இதன் நெருங்கிய உறவான அகன்ற இலை மரம்தான் பஞ்ச காலத்துச் சோறு. அங்கே மகுவா என்பார்கள். பூவில் சாராயமும் இறக்குவார்கள்.

இலுப்பையைப் பழ மரம் என்று சொன்னாலும், பழத்தின் சதையை வௌவாலுக்கு விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது விதை. பழந்தின்னி வௌவால் சதையைத் தின்று விதையைப் போட்டுவிடும். கூலி கேட்காத வேலையாள். விதையின் பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய். மரச்செக்கில் அத்தனையும் வராது. பிண்ணாக்கில் கொஞ்சம் தங்கும். மார்கழிக் குளிரில் எண்ணெய் நெய் போல உறைந்துவிடும். கோயில் விளக்குக்கு இதுதான் எரிந்தது. ஏழை வீட்டில் பலகாரமும் இதில்தான் வெந்தது. மூட்டு வலிக்கும் தடவினார்கள். மாயவரத்துப் பக்கம் இலுப்பைப்பட்டு என்றொரு ஊரே உண்டு. அங்குள்ள பாடல் பெற்ற சிவன் கோயிலுக்கு இலுப்பைதான் தலமரம்.

பிண்ணாக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் நுரை தரும் நச்சுப் பொருள் இருக்கிறது. மாட்டுக்குப் போடவே கூடாது. அதே நுரைக்காகத்தான் அரைத்துத் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள். மீன் வளர்ப்போர், குஞ்சு விடுவதற்கு முன் குளத்திலுள்ள களை மீன்களை ஒழிக்க இதையே போடுகிறார்கள். ஒரு மீட்டர் ஆழமுள்ள குளத்துக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 1,000 கிலோ என்பது கணக்கு. இரண்டு மூன்று வாரங்களில் நஞ்சு தணிந்து, அதுவே குளத்துக்கு எருவாகிவிடும். வயலுக்கும் நல்ல எரு. ஏறக்குறைய இரண்டரை சதம் தழைச்சத்து உண்டு. இலையை வெட்டி நெல் வயலில் மிதிப்பதும் பழைய வழக்கம்.

இலுப்பையை வயல் நடுவே வைக்க வேண்டாம். வேரும் நிழலும் அகலமாகப் பரவும். கீழே பயிர் தேறாது. பொதுக் குளக்கரை, கோயில் நிலம், களத்து ஓரம் போன்ற இடங்களுக்குத்தான் இந்த மரம். எண்ணெயை நம்பி ஏக்கர் கணக்கில் நடச் சொல்பவர்களும் உண்டு. பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க முடியாத சிறு விவசாயி அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் இருக்கும் மரத்தை விறகு விலைக்கு வெட்டுவதும் மடமை.

மகிழம்

இதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பூவைப் பற்றித் தெரியாதவர் இல்லை. காய்ந்த பின்னும் மணம் போகாத பூ இது ஒன்றுதான் என்பார்கள். நம் பெண்கள் முறுக்குக்கே அதன் பெயரை வைத்தார்கள். திருவண்ணாமலையிலும் திருவொற்றியூரிலும் இதுதான் தலமரம். பழம் ஆரஞ்சு நிறமாக, மாவு போலச் சதையோடு, இனிப்பும் துவர்ப்புமாக இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் தின்பார்கள், சந்தைக்கு வராது. பட்டையின் துவர்ப்பு ஈறுக்கு நல்லது. பட்டைக் கஷாயத்தால் வாய் கொப்பளிக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. வீட்டு முற்றத்துக்கு ஒரு நிழல் மரம் வேண்டும், ஆண்டு முழுதும் இலை வேண்டும் என்றால் இதைவிட நல்லது அரிது. வருமானம் எதிர்பார்க்க வேண்டாம்.

எதை எங்கே வைக்கலாம்?

கிணற்றுப் பாசனமும் சந்தை வசதியும் இருந்தால் சப்போட்டாவே வருமானம் தரும். மரத்துக்கு மரம் எட்டு மீட்டர் இடைவெளி விட்டு, பாலை வேரில் கட்டிய கன்றை வையுங்கள். மானாவாரி நிலத்தில், கடற்கரை மணலில், வேலி ஓரத்தில் இரண்டு பாலை மரமாவது நிற்கட்டும். அவை உடனே பணம் தராது. ஆனால் இன்னும் சில ஆண்டுகளில் நாற்றுப்பண்ணைக்காரர் பாலை விதை தேடி உங்கள் வேலிக்குத்தான் வர வேண்டியிருக்கும். கிராமத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து நாற்று வளர்த்து, ஒட்டுக் கட்டத் தெரிந்தவருக்கு விற்பதும் நடக்கக்கூடிய காரியமே. இரண்டு ஆண்டுப் பொறுமைக்கு விலை உண்டு.

விதையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பாலையின் நன்றாகப் பழுத்து உதிர்ந்த பழத்தை எடுத்துச் சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் ஒருநாள் உலர்த்துங்கள். பழைய விதை வேண்டாம். விதை ஓடு கடினமானது. அதனால் உள்ளே பருப்பு நசுங்காதபடி மெல்லத் தட்டி ஓட்டில் லேசான விரிசல் மட்டும் உண்டாக்கி, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு கூடும். இல்லாவிட்டால் நீண்ட நாள் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். மணலும் மட்கிய எருவும் கலந்த மேட்டுப் பாத்தியிலோ பையிலோ போடலாம். பாதி நிழல் வேண்டும். ஆணிவேர் சீக்கிரம் கீழே இறங்குவதால் நீளமான பையாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு கன்று ஒரு சாண்கூட வளராமல் நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். மண்ணுக்கு அடியில் வேலை நடந்துகொண்டிருக்கும். இலுப்பை விதை இதற்கு நேர் எதிர். ஆனி, ஆடியில் பொறுக்கினால் சில வாரங்களுக்குள் விதைத்துவிட வேண்டும். டப்பாவில் போட்டு அடுத்த ஆண்டுக்கு வைத்தால் ஒன்றும் முளைக்காது. ஆட்டுக்குப் பாலைக் கொழுந்து மிகவும் பிடிக்கும். நட்ட கன்றுக்கு மூன்று ஆண்டுகளாவது முள் அடைப்பு அவசியம்.